எந்த நரம்பு டாக்டர்?

“பிள்ளையை எந்த டாக்டர்கிட்டக் காட்டணும்?” என்று யாராவது கேட்ட மறுநொடியே சீட்டில் அறை எண்ணை எழுதிக் கையில் திணித்துவிடுகிறீர்கள். போன வாரம் உங்கள் பிரிவுக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேகம் பிரமாதம். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சிம்மக்கல்லில் ஒரு லாட்ஜின் மாடிப்படி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். உங்கள் நர்ஸ் ஒருவர் பக்கத்தில் வந்து, “டோக்கன் போட்டாச்சாம்மா?” என்று பரிவோடு கேட்டுவிட்டுப் போனார்.

ஓய்வு பெற்ற மருத்துவ சமூகப் பணியாளர் ஒரு லாட்ஜை நினைத்து ஏன் சிரிக்க வேண்டும்? சொல்கிறேன். நீங்கள் இந்த வேலைக்குப் புதிது. நாளைக்கே உங்கள் மேசைக்கு முன்னாலும் இப்படி ஒன்று வந்து நிற்கும்.

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், மனநோய்ப் பிரிவில், நான் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நம் வேலை உங்களுக்குத் தெரியும். ஊசி போட முடியாது, மருந்து எழுத முடியாது. வீட்டுக்காரர்களிடம் பேசி விஷயத்தைப் பிடித்து, இந்தப் பிள்ளையை இந்த டாக்டர் பார்த்தால் சரியாக இருக்கும் என்று கொண்டுபோய் விட முடியும். அவ்வளவுதான் நம் அதிகாரம். அது சின்ன அதிகாரம் என்று நினைக்கிறவர்கள் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம்.

வாரத்தில் சில நாள் குழந்தைகள் வார்டில் எனக்கு ஒரு மேசை உண்டு. அங்கே வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து கருப்பையா என்ற விவசாயி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. பெயர் பேச்சியம்மாள். பிரச்சினை என்னவென்றால், பள்ளிக்கூடத்தில் பேசுவதில்லை.

சிரிக்காதீர்கள். நானும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் கேட்டேன். குலதெய்வத்தின் பெயரை வைத்தவர்கள் இதையெல்லாம் யோசித்தா வைத்தார்கள்?

“வீட்ல பேசுவாளா?” என்றேன்.

“அதை ஏன் கேக்குறீக டாக்டரம்மா! காதுல பஞ்சு வச்சுக்கிட்டுத்தான் சோறு திங்கணும். அம்புட்டுப் பேச்சு. கோழியத் திட்டுவா, ஆட்டத் திட்டுவா, என்னையத் திட்டுவா. பள்ளிக்கூடத்து வாசல மிதிச்சா வாயில பூட்டு.”

நான் டாக்டர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். “இருக்கட்டும் டாக்டரம்மா” என்றுவிட்டார். பேச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்த அறையில் அவள் பார்க்காத பொருள் கிடையாது. என் கைக்கடிகாரம், மேசையில் இருந்த மைக்கூடு, கிழிக்காமல் விட்ட காலண்டர் தாள், எல்லாவற்றுக்கும் மனதுக்குள் ஏதோ கமெண்ட் ஓடிக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது. எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போயிற்று.

சிக்கல் வருகைப் பதிவில் வந்தது. வாத்தியார் பெயரைக் கூப்பிடுவார், பிள்ளை எழுந்து “உள்ளேன் ஐயா” என்று சொல்ல வேண்டும். பேச்சி எழுந்திருப்பாள், சொல்ல மாட்டாள். சொல்லாவிட்டால் ஆப்சென்ட். எண்ணெய் வைத்துப் பின்னிய இரட்டைச் சடையோடு, முன்வரிசையில், வாத்தியாரின் மூக்குக்கு நேரே நிற்கிற பிள்ளைக்குத் தினமும் ஆப்சென்ட்! பதில் சொன்னால்தான் வருகை என்பது தலைமையாசிரியர் போட்ட விதி. இப்போது அதே தலைமையாசிரியர், வருகை போதவில்லை, பெயரை அடித்துவிடுவேன், ஊமைப் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். வேண்டாமென்றால், மூளையில் கோளாறு இல்லை என்று பெரிய டாக்டரிடம் சர்ட்டிபிகேட் வாங்கி வர வேண்டும். முழுப் பரீட்சைக்குள் வேண்டும்.

ஏற்கெனவே காது டாக்டர் பார்த்துவிட்டு, பாம்புக் காது என்று சொல்லி அனுப்பியிருந்தார். குழந்தை டாக்டர் டானிக் எழுதினார். டானிக்கைக் குடித்துவிட்டுப் பேச்சி வீட்டில் இன்னும் அதிகமாகப் பேசினாளாம்.

“படிப்ப நிறுத்திட்டா எங்கூட களை வெட்டத்தான் வருவா. அவளுக்குப் படிக்கணும்னு ஆசையா இருக்கு. ராத்திரி பூரா எங்களுக்குத்தான் வாய்ப்பாடு ஒப்பிக்கிறா” என்றார் கருப்பையா. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிட்டது.

இனி ‘நரம்பு’ என்ற வார்த்தைக்கு வருகிறேன். எங்கள் பிரிவின் வாசலில் ‘மனநோய்ப் பிரிவு’ என்று கொட்டை எழுத்தில் போர்டு. அதைப் படித்துவிட்டு அப்படியே திரும்பி பஸ் ஏறிப் போனவர்கள் ஏராளம். பெண்பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம், நாளைக்குக் கட்டிக்கொள்ள வருகிறவன் காதில் விழுந்தால் என்ன ஆவது? அதனால் அட்டெண்டர் முதல் டாக்டர் வரை எல்லோரும் ‘நரம்பு டாக்டர்’ என்றுதான் சொல்வோம். நரம்பு என்றால் யாருக்கும் கோபம் வராது. எல்லோருக்கும் இருப்பதுதானே. நானும் அப்படியே, “வியாழக்கிழமை காலைல ரோட்டோரத்துல இருக்கிற எங்க பிரிவுக்கு, நரம்பு டாக்டரைப் பாக்க வாங்க. பெரியவர், புரொபசர்” என்று சொல்லி அனுப்பினேன்.

அந்தப் புரொபசரிடம் நேரம் வாங்க நான் கெஞ்சாத ஆள் இல்லை. வியாழக்கிழமை அவர் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிற நாள். அறை நிறைய வெள்ளைக் கோட்டு. நோயாளியை நடுவில் உட்கார வைத்து அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தால், பெரிய பெரிய ஆட்களே உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவார்கள். மேதை என்றால் மேதை. அவர் கையெழுத்தை எந்தத் தலைமையாசிரியரும் தட்ட முடியாது என்பது என் கணக்கு.

வியாழக்கிழமை புரொபசர் வந்தார். வெள்ளைக் கோட்டுகள் வந்தன. கருப்பையாவைக் காணோம். வெளி வாசலுக்கு ஓடினேன். வாட்ச்மேன் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சொன்னார்:

“ஒரு ஆளு பொம்பளப் பிள்ளையோட வந்தாரும்மா. போர்ட எழுத்துக் கூட்டிப் படிச்சாரு. ‘இது பைத்தியத்துக்குப் பாக்குற எடமுல்ல, நமக்கு நரம்பு டாக்டருல்ல வேணும், எங்கன இருக்காரு’ன்னு கேட்டாரு. அந்தா செவத்துலயே எழுதிருக்கே, காட்டிவிட்டேன். இந்நேரம் போய்ச் சேந்திருப்பாரு.”

எதிர்ச்சுவரைப் பார்த்தேன். வெள்ளையடித்து நீலத்தில் எழுதியிருந்தது: ‘நரம்பு டாக்டர்! மதுரை விஜயம்!’ அதற்குக் கீழே சிம்மக்கல்லில் ஒரு லாட்ஜின் பெயர். வழி காட்ட ஒரு கை வேறு வரைந்திருந்தார்கள்.

உங்கள் வயதுக்கு இதை விளக்க வேண்டும். ஊர் ஊராகப் போய் லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்த்தவர்கள் இவர்கள். அங்கே நரம்பு என்றால் அர்த்தமே வேறு. கல்யாணம் நிச்சயமாகிப் பயந்துபோயிருக்கிற ஆண்களும், கல்யாணமாகிச் சங்கடப்படுகிற ஆண்களும், ஊர்க்காரன் எவனாவது பார்க்கிறானா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போகிற இடம். அங்கே தன் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்விட்டார் கருப்பையா.

ரிக்‌ஷாவில் ஏறி லாட்ஜின் பெயரைச் சொன்னேன். ரிக்‌ஷாக்காரர் மிதிக்காமல் திரும்பி என்னையே பார்த்தார்.

“அங்கயா? நீங்களா தாயி?”

“ஆமா, சீக்கிரம் போங்க. அவசரம்.”

“அவசரம்னு வேற சொல்றீகளே” என்று முனகிக்கொண்டு மிதித்தார். சிம்மக்கல்லில் மூட்டை இறக்குகிற வண்டிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து போனோம். லாட்ஜ் வாசலில் என்னை இறக்கிவிட்டு, காசை வாங்கிக்கொண்டு, யாரும் பார்ப்பதற்குள் தன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

கஞ்சி போட்ட காட்டன் புடவையும் தோளில் பையுமாக நான் மாடிப்படி ஏற, மேலேயிருந்து இறங்கி வந்த இரண்டு பேர் என்னைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பி மேலே ஓடினார்கள். மாடி வராந்தாவில் நெடுக பெஞ்சு. பெஞ்சு நிறைய ஆண்கள். ஒருவரும் இன்னொருவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவர் துண்டைத் தலையோடு சேர்த்துப் போர்த்தியிருந்தார். ஒருவர் சுவரில் இருந்த பல்லியை அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. அந்த அமைதிக்கு நடுவில் ஒரே ஒரு குரல் மட்டும் கணீரென்று கேட்டது.

“எனக்கு மகளுக்குண்ணே. உங்களுக்கு யாருக்கு? வீட்ல யாருக்கும் முடியலையா?”

பக்கத்தில் இருந்தவர் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குள் கருப்பையா என்னைப் பார்த்துவிட்டார்.

“வாங்க டாக்டரம்மா! கூட்டத்தப் பாத்தீகளா? நல்ல கைராசிக்காரரு போல!”

எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. சிரித்தால் பெஞ்சு மொத்தமும் ஜன்னல் வழியாகக் குதித்துவிடும் என்று பயமாகவும் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அறைக் கதவு திறந்தது. வைத்தியரின் உதவியாள் தாளைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“தங்கராசு!”

பதில் இல்லை. தங்கராசு என்பது நான் வைத்த பெயர். உண்மைப் பெயரை இன்றுவரை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

“தங்கராசு இருக்காரா, இல்லையா? சரி, அடுத்த ஆளு!” உதவியாள் தாளில் ஒரு கோடு கிழித்தார்.

அப்போது பேச்சி தன் அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். இழுத்துவிட்டு, கடைசி பெஞ்சின் மூலையில், சுவரைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்திருந்த ஓர் இளைஞரை விரலை நீட்டிக் காட்டினாள். கருப்பையா எட்டிப் பார்த்தார்.

“அட, நம்ம வாத்தியாரு! சார்! வணக்கம் சார்! உங்களத்தான் கூப்புடுறாக! உங்களுக்கும் நரம்பா சார்?”

அந்த மனிதர் எழுந்து நின்றார். புதிதாகத் திருத்திய மீசை, இஸ்திரி போட்ட சட்டை. தினமும் பேச்சியின் பெயரைக் கூப்பிட்டு ஆப்சென்ட் போடுகிற வகுப்பு வாத்தியார்தான். உதவியாள் விடவில்லை. “கூப்பிட்டப்பப் பதில் சொல்லணும்ல சார்? வரலைன்னு அடிச்சாச்சு. இனிமே கடைசியிலதான்” என்றார். வாத்தியார் பதில் சொல்லப் பார்த்தார். உதடு அசைந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

நான் பேச்சியைப் பார்த்தேன். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கேலி கொஞ்சமும் இல்லை. அவருக்கு என்ன நடக்கிறது என்று அந்த வராந்தாவிலேயே அவளுக்கு மட்டும்தான் சரியாகத் தெரிந்திருந்தது. எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. வகுப்பு முழுக்கக் கேட்கப் பாடம் நடத்துகிற வாத்தியார், பத்துப் பேர் பார்க்கப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் வாயடைத்து நிற்கிறார். நானோ இந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டுபோய் அத்தனை வெள்ளைக் கோட்டுகளுக்கு நடுவில் உட்கார வைக்க இருந்தேன். புரொபசர் கேள்வி கேட்பார், இவள் பேச மாட்டாள், அந்த மௌனத்தை அவர் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்தை யாராலும் தட்ட முடியாது. கருப்பையாவையும் பேச்சியையும் அங்கிருந்து அப்போதே கிளப்பினேன்.

மாடிப்படி இறங்கும்போது வாத்தியார் பின்னாலேயே வந்தார். “மேடம், அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். யாரோ சொன்னாகன்னு…”

“நான் உங்களைப் பாக்கவே இல்ல சார்” என்றேன்.

அவர் போகவில்லை. முன்னால் ஒவ்வொரு படியாகக் குதித்து இறங்கிக்கொண்டிருந்த பேச்சியைப் பார்த்தபடி நின்றார். “பேரு நல்லாக் காதுல விழுந்துச்சு மேடம். பதில் சொல்லத்தான் நெனச்சேன். வாயி வரல. இந்தப் பிள்ளைக்குத் தெனமும் இப்படித்தான் இருக்குமோ?”

“இருக்கும்னுதான் நெனக்கிறேன்.”

“நான் ஒரு தடவகூடத் தலையத் தூக்கிப் பாக்கலையே மேடம்” என்றார். எனக்கு அவர்மீது கோபம் வரவில்லை. இளம் வயது, விதி போட்டவர் வேறு ஆள்.

எங்கள் போர்டு பைத்தியத்துக்கு மட்டுமில்லை என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தும், ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிற வழியெல்லாம், இம்புட்டுக் கூட்டம் வருகிற டாக்டரை விட்டுவிட்டு வருகிறோமே என்று கருப்பையாவுக்கு ஒரே ஆதங்கம். எனக்கு வேறு கவலை. அறை வாசலிலேயே புரொபசர் நின்றிருந்தார்.

“எங்கம்மா உங்க கேஸ்?”

“வரலை சார்” என்றேன்.

எங்கள் பிரிவு வராந்தாவின் கடைசி பெஞ்சில் பேச்சி காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் என் வேலை அன்றோடு போயிருக்கும். திரும்பவில்லை. “நேரத்தோட அருமை தெரியாத ஜனங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அவரைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். பெரியவர்கள் விஷயத்தில் என் சொந்த அண்ணனையே அவரிடம்தான் கூட்டிப்போயிருப்பேன். இந்தப் பிள்ளைக்கு அவர் ஆகாது, அவ்வளவுதான்.

எங்கள் பிரிவில் குழந்தைகளைப் பார்க்கிற லேடி டாக்டர் ஒருவர் இருந்தார். அட்டெண்டர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘பாசஞ்சர் வண்டி’. எல்லா ஸ்டேஷனிலும் நிற்பார், எதையும் அவசரப்படுத்த மாட்டார், அவர் அறைக்கு முன்னால் வரிசை நகரவே நகராது. அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன், வாத்தியார் யார் என்பதை மட்டும் விட்டுவிட்டு. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் கருப்பையாவைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“இவ யார்கிட்ட ரொம்பப் பேசுவா?”

“அவ ஆத்தாகிட்டத்தான்.”

“அப்ப அடுத்த தடவை அவங்க மட்டும் கூட வரட்டும். நீங்க வெளிய டீ குடிங்க.”

நான் இந்த வேலையில் பார்த்த வேடிக்கையான மருத்துவப் பரிசோதனை அதுதான். தாயையும் மகளையும் அறையில் விட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, டாக்டர் வெளியே வந்து முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே பேச்சு ஆரம்பித்தது. முதலில் குசுகுசுவென்று, பிறகு மளமளவென்று. டாக்டர் திரும்பவில்லை. அப்படியே பின்புறமாக, ஒவ்வொரு அடியாக, அறைக்குள் போக ஆரம்பித்தார். பேச்சு நின்றால் நின்றுகொள்வார். மறுபடி தொடங்கினால் இன்னும் ஓர் அடி. கடைசியில் சுவரைப் பார்த்தபடி உள்ளே போய் நின்றுவிட்டார். நான் கதவிடுக்கில் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நிற்கிறேன்.

“ஏ ஆத்தா, இந்தம்மா எதுக்குச் செவத்தப் பாத்துக்கிட்டு நிக்குது? வாத்தியாரு நிக்க வச்சுட்டாரா?”

பேச்சியின் குரலை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். கொஞ்சம் கரகரப்பான, அதிகாரமான குரல். டாக்டரின் தோள் இரண்டும் குலுங்கின. சிரிக்கிறார் என்று தெரிந்தது. ஆனாலும் திரும்பவில்லை.

அதற்கப்புறம் பல வாரம் வந்தார்கள். படங்களைக் காட்டி, அடுக்கச் சொல்லி, கணக்குப் போடச் சொல்லி, வாய் திறக்காமலே செய்யக்கூடிய சோதனைகளையெல்லாம் டாக்டர் செய்தார். பிறகு பெற்றோரைக் கூப்பிட்டு, “அறிவுல குறை இல்ல. காதுல குறை இல்ல. அடம் பிடிச்சும் இப்படிப் பண்ணல. வெளி ஆளுங்க முன்னால பயம் வந்து தொண்டையை அடைக்குது. பேசு பேசுன்னு யாரும் நெருக்கக் கூடாது. பேச்சு தானா வர்ற வரைக்கும் பொறுமையா இருக்கணும்” என்றார். அதையே சர்ட்டிபிகேட்டாகவும் எழுதி, அதுவரை கையைத் தூக்கினால் வருகை போட வேண்டும் என்று கீழே சேர்த்தார். தலைமையாசிரியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். முத்திரை பெரிதாக இருந்ததால் ஒத்துக்கொண்டாராம். ஆனால் ஒரு நிபந்தனை போட்டுவிட்டார். இந்த வருஷம் நாலாம் வகுப்புக்குத் தூக்கிவிடுகிறேன், அடுத்த வருஷமும் வாய் திறக்காவிட்டால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஆகவே புதியவர்களே, போர்டில் இருக்கிற பட்டத்தைப் பார்த்து ஆளை அனுப்பாதீர்கள். ஒவ்வொரு டாக்டரின் அறையிலும் ஒரு நாள் போய் உட்காருங்கள். யார் நோயாளியைப் பேச விடுகிறார், யார் பேச வைக்கிறார், யார் பேசாமல் இருக்க விடுகிறார் என்று பாருங்கள். உங்கள் முன்னால் இருக்கிற பிள்ளைக்கு இதில் எது வேண்டும் என்று யோசித்துவிட்டுச் சீட்டு எழுதுங்கள். அப்புறம், யாரிடமும் மொட்டையாக நரம்பு டாக்டர் என்று சொல்லித் தொலைக்காதீர்கள்.

அடுத்த வருஷம் நாலாம் வகுப்புக்கும் அதே வாத்தியார்தான். மாதங்கள் போய்க்கொண்டே இருந்தன. பேச்சி கையை மட்டும் தூக்கிக்கொண்டிருந்தாள். மறுபடி முழுப் பரீட்சை நெருங்கியபோது எனக்கு உள்ளூர உதைப்பாகத்தான் இருந்தது. அப்படி ஒரு நாள், நடுப்பகலில், வாத்தியார் எங்கள் பிரிவு வராந்தாவில் மூச்சு வாங்க ஓடி வந்தார். முன்பு யாரும் பார்க்கக் கூடாது என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்த மனிதர், இப்போது மனநோய்ப் பிரிவின் நட்டநடுவில் நின்றுகொண்டு சத்தம் போட்டார்.

“மேடம்! பேசிட்டா மேடம்!”

காத்திருந்த ஜனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாசஞ்சர் டாக்டர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார், அதுவும் வேகமாக.

“காலைல பேரு கூப்பிட்டேன் மேடம். இன்ஸ்பெக்‌ஷன் வர்றாகன்னு பரபரப்பு. இவ பேரக் கூப்பிட்டுட்டுத் தலையத் தூக்காமலே அடுத்த பேருக்குப் போயிட்டேன். கையத் தூக்கிக்கிட்டே நின்னுருக்கா. நான் பாக்கல. நாலஞ்சு பேரு தாண்டிட்டேன். திடீர்னு முன்வரிசையில இருந்து ஒரு அதட்டல். ‘சார்! இந்தா இங்கன நிக்கிறேன்ல! கண்ணு தெரியலையா? அம்புட்டு அவசரமா எங்க போறீக?’ன்னு. வகுப்பே வாயப் பொளந்திருச்சு மேடம். எனக்கு அழுகை வந்திருச்சு. அப்படியே கிளாச பக்கத்து வாத்தியார்கிட்ட ஒப்படைச்சுட்டு பஸ் ஏறிட்டேன்.”

டாக்டர் சிரித்தார், நான் அழுதேன், இல்லை, இரண்டு பேரும் இரண்டையும் செய்தோம். என்ன ஏதென்று தெரியாமல் வராந்தாவில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு அந்த ஆளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. டாக்டர்தான் முதலில் சுதாரித்தார்.

“சரி சார், அவளுக்கு இன்னைக்கு வருகை போட்டீங்களா?”

வாத்தியாரின் முகம் மாறியது. நெற்றியில் பளாரென்று அடித்துக்கொண்டார். “அய்யய்யோ, போடலையே!” என்று கத்திவிட்டு, வாடிப்பட்டி பஸ்ஸைப் பிடிக்க வந்த வழியே ஓடினார்.